வேரிலிருந்து வளரும் கரி

கார்பன் நானோ குழாய் பற்றி வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். நேரம் குறைவு, வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1991இல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் சுமியோ ஈஜிமா, மின்வில்லில் எரிந்த கார்பன் தண்டில் படிந்திருந்ததை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள்! 1993இல் ஒற்றைச் சுவர்க் குழாயும் கிடைத்தது. அவ்வளவுதான். இனி இந்தக் குழாய்களை வளர்க்கும், எனக்குப் பிடித்த உலைக்கு வருகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் அது ஒரு குவார்ட்ஸ் குழாய், சுற்றிலும் மின்சூடு. உள்ளே நகமளவு சிலிக்கன் தகடு. அதன்மேல் அலுமினா, அதற்கும் மேலே ஒரு நானோமீட்டர் கனத்தில் இரும்பு. 750 டிகிரி சூட்டில் ஹைட்ரஜன் விட்டால் இரும்புப் படலம் நுண்துளிகளாகத் திரளும். பிறகு எத்திலீன். அது துளியின்மேல் சிதைய, கார்பன் இரும்பில் சேர்ந்துகொண்டே போய், இனி இடமில்லை என்றானதும் குழாயாக வெளியேறுகிறது. முகம் பார்க்கும்படி உள்ளே போன தகடு, குழாய்கள் அடர்ந்து கன்னங்கரேலென்று வெளியே வரும். இடுக்கி பட்ட இடம் மட்டும் அமுங்கிப் பளபளக்கும்.

குழாய் எந்தப் பக்கம் நீள்கிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் தலைமுடியைப் போல அடியில்தான். சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் முதலில் சாதாரண கார்பனும் அடுத்து சற்றே கனமான கார்பன்-13ம் ஊட்டிப் பார்த்தார்கள். பிந்தி ஊட்டியது வேர்ப்பக்கம் இருந்தது. இரும்பின் பிடி தளர்ந்தால் துளியே நுனியில் ஏறிப் போவதும் உண்டு.

ஆனால் துளி சீக்கிரம் ஓய்ந்துவிடும், வேண்டாத கரி மூடிக்கொள்ளும். 2004இல் ஜப்பானின் சுகுபாவில் கென்ஜி ஹாட்டா குழுவினர் வாயுவில் துளியூண்டு நீராவி கலந்தார்கள். 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரம்! மூடிய கரியை நீராவி தின்றுவிட, இரும்பு மறுபடி வேலைக்கு வந்தது. கூடிப்போனால் குழாயையே தின்றுவிடும், அதுதான் சிக்கல். எங்கள் உலையிலும் அடைமழை நாளில் வளர்ந்ததும் கோடையில் வளர்ந்ததும் ஒரே உயரம் இருக்காது. வானிலை அறிக்கை விவசாயிகளுக்கு மட்டுமல்ல, நேயர்களே!

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். இரும்பு, வாயு, கொஞ்சம் ஈரம் என்று இவ்வளவு தெரிந்தும், ஒற்றைச் சுவர்க் குழாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உலோகமாகவும் மற்றவை குறைக்கடத்தியாகவும் கலந்துதான் முளைக்கின்றன. சில்லு செய்பவர்களுக்கு வேண்டிய குறைக்கடத்திக் குழாய்களை வளர்ந்த பிறகு பிரித்துக் கொடுக்கிறோம். உலையிலேயே கேட்ட வகையை வளர்க்கும் நாள் வந்தால் மறுபடியும் கூப்பிடுங்கள், வருகிறேன்.