எண்ணேகாரமும் ஏழாம் வகுப்புக் கணக்கும்

(நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் தமிழன்பர்களும் கூடிய திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுவார்க்கு அவ்வினா எழாது. கணக்காசிரியர் விடுப்பிற் சென்றால் அவ்வகுப்பு பெரும்பாலும் தமிழாசிரியன் தலையிலேதான் விழும். அவ்வாறு என் தலையில் விழுந்த வகுப்புகளிலே நான் கண்டதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி, "அரையும் காலும் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு முடிக்குமுன் "முக்கால் ஐயா" என்பான். அவனையே கரும்பலகைக்கு அழைத்து, 1/2 + 1/4 என்று எழுதிக் கொடுங்கள். மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி 2/6 என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். 2/6 என்பது மூன்றில் ஒன்று. அரையோடு காலைச் சேர்த்தபின் அரையினும் குறைந்த ஒன்று எவ்வாறு வரும்? இவ்வினா அவனுள் எழுவதேயில்லை. வாய் அறிந்ததைக் கை அறியவில்லை. அந்த வாய்க்கும் அந்தக் கைக்கும் இடையே உள்ள பள்ளத்திலேதான் நம் பிள்ளைகள் பல்லாயிரவர் விழுகின்றனர். விழுந்தவர் எட்டாம் வகுப்பில் விழுக்காட்டுக் கணக்கிலும், ஒன்பதாம் வகுப்பில் இயற்கணக்கிலும் எழவே முடியாமல், "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே பள்ளியை விட்டு நீங்குகின்றனர்.

இதற்குக் கரணியம் பிள்ளையின் அறிவுக்குறை அன்று. வீட்டிலும் கடையிலும் அவன் ஆளும் சொல்லை வகுப்பறை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கின்றோம். உள்ளே அவனுக்கு நாம் கொடுப்பது என்ன? "மூன்று பை எட்டு". இதில் தமிழ் எது, ஆங்கிலம் எது? எட்டுக்கும் மூன்றுக்கும் உள்ள உறவு என்ன என்று அத்தொடர் ஏதேனும் சொல்கிறதா? "எட்டில் மூன்று" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் எட்டாகப் பகுத்தது தெரிகிறது. பின் அவற்றுள் மூன்றை எடுத்தது தெரிகிறது. செய்கை நிகழும் முறையிலேயே சொல்லும் நிகழ்கிறது. ஆங்கிலத்தில் எடுத்ததை முன்னும் பகுத்ததைப் பின்னும் சொல்வர். அதுவும் 'எட்டாவது' என்பதற்குரிய சொல்லாலேயே சொல்வர். அவர்கள் பிள்ளைகள் அதனோடு போராடுவது அவர்கள் பாடு. நமக்கு அவ்விடர் இல்லாதபோது நாமே வலிந்து வரவழைத்துக்கொள்வானேன்?

கீழெண்ணுக்குப் பகுதி என்றும் மேலெண்ணுக்குத் தொகுதி என்றும் நம் பாடநூல்களில் பெயர் வழங்குகிறது. நல்ல பெயர்கள். பகுத்ததால் பகுதி, தொகுத்ததால் தொகுதி. ஆயினும் பெயரை மட்டும் ஒப்பிக்கச் செய்து, அதன் பொருளைத் திறந்து காட்டாமல் விடுகின்றோம். பகுதி என்பது பொருளின் பெயர்; தொகுதி என்பது அதன் எண்ணிக்கை. மூன்று மாம்பழமும் இரண்டு மாம்பழமும் சேர்ந்தால் ஐந்து மாம்பழம். ஐந்து 'மாம்பழமாம்பழம்' ஆவதில்லை. அவ்வாறே மூன்று அரைக்காலும் இரண்டு அரைக்காலும் ஐந்து அரைக்கால். பெயரைக் கூட்டுவதில்லை, எண்ணிக்கையையே கூட்டுகின்றோம். பெயர் வேறாயின் ஒரு பெயர்ப்படுத்திக்கொண்டு கூட்டவேண்டும். அரையை இரண்டு கால் என்று பெயர் மாற்றியபின் ஒரு காலைச் சேர்த்தால் மூன்று கால், அஃதாவது முக்கால். மீச்சிறு பொது மடங்கு என்று நாம் அச்சுறுத்தும் அத்துணையும் இவ்வொரு பெயர் மாற்றந்தான்.

இனித் தமிழாசிரியனுக்கே உரிய ஒன்றைச் சொல்கின்றேன். கணக்காசிரியர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்கவேண்டும்.

'காலே அரைக்கால்' என்கிறோம். காலும் அரைக்காலும் கூடிய 3/8 என்பது பொருள். 'ஒன்றேகால்' என்கிறோம்; ஒன்றும் காலும். ஊரில் பெரும்பாலோரைக் குறிக்க 'முக்காலே மூன்று வீசம்' என்று வழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். வீசம் என்பது 1/16. ஆகவே 12/16 உடன் 3/16 சேர்ந்து 15/16. முழுமைக்கு ஒரு வீசமே குறை. இத்தொடர்களில் எல்லாம் இடையே நிற்கும் ஏகாரம் என்ன ஏகாரம்? நன்னூலார் ஏகாரத்திற்குக் கூறும் பொருள்களுள் எண்ணுப்பொருளும் ஒன்று. அந்த எண்ணேகாரமே இது. கணக்கர் '+' என்று இடும் குறிக்கு நம் மொழி வைத்திருக்கும் ஒலி 'ஏ'.

அரைக்கால் என்பதில் ஏகாரம் இல்லை. அங்கே கூட்டல் இல்லை; அரை என்பது காலுக்கு அடையாய் நின்று, காலில் பாதி என்று பொருள் தருகிறது. 1/2 × 1/4 = 1/8. வல்லெழுத்தும் மிகுந்தது. அரைக்காணியும் அவ்வாறே: காணி 1/80, அதன் பாதி 1/160. இனி மாகாணியைப் பாருங்கள். மா 1/20, காணி 1/80. இரண்டுங் கூடினால் 4/80 + 1/80 = 5/80, அஃதாவது 1/16. மாவும் காணியும் மாகாணி, உம்மைத்தொகை. செடிகொடி, வெற்றிலைபாக்கு என்பனவற்றில் வலி மிகாதது போலவே இங்கும் மிகவில்லை. வலி மிகுந்த அரைக்காணியிலே பெருக்கல். மிகாத மாகாணியிலே கூட்டல். இருமா, நான்மா போல்வனவற்றில் வருமொழி வல்லெழுத்தன்மையின் இவ்வடையாளம் தோன்றாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். எல்லாவற்றிற்கும் இதனையே அளவுகோலாகக் கொள்ளவேண்டா.

'இரண்டரைக்கால்' என்று ஏகாரமின்றிச் சொன்னால், இரண்டரையின் காலோ, இரண்டும் அரைக்காலுமோ என்று ஐயம் எழும். முன்னது 5/8, பின்னது 17/8. 'இரண்டே அரைக்கால்' என்ற அளவில் ஐயம் அகல்கிறது. கணக்கில் அடைப்புக்குறி செய்யும் வேலையை இங்கே ஓரெழுத்துச் செய்கிறது. இதைக் கேட்ட பிள்ளைகள் தாங்களே அத்தகைய தொடர்களைக் கட்டி ஒருவரையொருவர் மடக்கத் தொடங்கியதை நான் வகுப்பிலே கண்டிருக்கின்றேன்.

தமிழ் வகுப்பிலும் இக்கணக்கு உண்டு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை, மகரக்குறுக்கம் கால். 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எத்தனை மாத்திரை? ஒன்றும் ஒன்றும் அரையும், இரண்டரை. 'அம்மா' மூன்றரை. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்கு மாத்திரை கணக்கிட்டு, அதனை 5/2 என்றும் 2.5 என்றும் இருவகையாலும் எழுதட்டும். இலக்கணமும் விளங்கும், கணக்கும் விளங்கும்.

பெருக்கலில் ஓர் இடர் உண்டு. அது நம் சொல்லாலேயே வருவது. பெருக்கு என்றால் பெருகச் செய் என்பது பொருள். காலை அரையால் பெருக்கினால் அரைக்காலாகச் சுருங்குகிறதே என்று பிள்ளை மயங்குகிறான். அவன் மயங்குவது தமிழறிந்தமையால்! எனவே இவ்விடத்தில் 'பெருக்கு' என்று தொடங்காமல், 'காலில் அரை எவ்வளவு?' என்று தொடங்குக. ஒரு தாளை நான்காக மடித்து ஒரு மடிப்பைத் தீட்டி, அத்தாளைக் குறுக்கே இரண்டாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் இருக்கும். காலில் பாதி அவற்றுள் ஒன்று. வகுத்தலை 'எத்தனை முறை அடங்கும்?' என்று கேட்க. முக்காலில் எத்தனை அரைக்கால்? ஆறு. ஒன்றில் எட்டு அரைக்கால் அடங்குமாகலின் முக்காலில் எட்டின் முக்கால் அடங்கும். 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று நாம் மந்திரம்போல் ஓதுவிப்பதன் உள்ளீடு இவ்வளவே.

பதின்மத்திற்கு வருகின்றேன். பாடநூல் தசமம் என்னும். பதின்மம் என்பது பத்தோடு தொடர்பு தோன்ற நிற்பதால் பிள்ளைக்கு விளங்கும். பின்னத்திற்கும் நம் முன்னோர் கீழ்வாயிலக்கம் என்றனர், முழுவெண் மேல்வாயிலக்கம். எனினும் தேர்வுத்தாளில் வரும் சொல்லைப் பிள்ளை அறியாமல் போதல் கூடாது. இரண்டையும் சொல்லுங்கள், நம் கொள்கைக்காகப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பறிக்கவேண்டா.

0.5, 0.25 இவற்றுள் எது பெரிது என்று கேட்டால் 0.25 என்று சொல்வார் பலர். ஐந்தினும் இருபத்தைந்து பெரிதன்றோ? இது படிக்கும் முறையால் விளைந்த கேடு. 'புள்ளி இருபத்தைந்து' என்று படிக்கலாகாது. 'புள்ளி இரண்டு ஐந்து' என்க. அதற்கு மேலும் எளிது, அரையும் காலும் என்று பெயர் சொல்லிக் கேட்பது. கூட்டலிலும் 2.5 உடன் 0.35-ஐ வலப்புறம் நேராக வைத்து 0.60 என்று எழுதுவார் உளர். பத்தில் ஒன்றையும் நூற்றில் ஒன்றையும் ஒரு பெயராக எண்ணிவிட்டனர். எருதையும் ஆட்டையும் ஒரு நுகத்தில் பூட்டியவாறு. 2.50 + 0.35 = 2.85. மீண்டும் அதே பெயர் மாற்றந்தான்.

முன்பெல்லாம் காசைக் காட்டிப் பதின்மம் கற்பிக்கலாம். 1957 ஏப்பிரல் 1-இல் பதின்மக் காசு நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ஓர் உருபாவிற்குப் பதினாறு அணா, ஆகவே அணா ஒன்று உருபாவில் மாகாணி. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் 2011 சூன் 30-ஓடு செல்லாவாயின. கால் உருபாவைக் கையில் தொட்டறியாத பிள்ளைகளுக்கு இன்று காசைச் சொல்லிப் பயனில்லை. அளவுகோலைக் கொடுங்கள். ஒரு செண்டிமீட்டரில் பத்துச் சிறுகோடுகள், ஒன்று 0.1. கட்டத்தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டம் எடுத்து, ஒருபுறம் இரண்டு, மறுபுறம் மூன்று தீட்டினால் 0.2 × 0.3 ஏன் 0.06 ஆகிறது, ஏன் 0.6 அன்று என்பது கண்ணுக்கே தெரியும்.

நம் கீழ்வாயிலக்கத்திற்கும் பதின்மத்திற்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விடமுடியாது. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நான்கு கால் ஒன்று. 4, 4, 5, 4 இவற்றைப் பெருக்கினால் 320. ஆகவே முந்திரி 1/320. இந்த 320-ஐக் காரணிப்படுத்தினால் ஆறு இரண்டும் ஓர் ஐந்துமே கிடைக்கும். வேறு காரணி இல்லை. பத்தின் காரணிகளும் இரண்டும் ஐந்துமே. ஆதலால் மேற்சொன்ன நம் அளவுகள் அத்தனையும் பதின்மத்தில் முடிவு பெறும். கால் 0.25, அரைக்கால் 0.125, மாகாணி 0.0625; மா 0.05, காணி 0.0125, முந்திரி 0.003125. இரண்டு எத்தனை, ஐந்து எத்தனை என்று பார்த்து, எது மிகுதியோ அத்தனை இடத்தில் முடியும்: முந்திரிக்கு ஆறு, மாகாணிக்கு நான்கு. பிள்ளைகள் வகுத்துப் பார்க்குமுன்னே இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லச் செய்யுங்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

முந்திரிக்குக் கீழே போகவேண்டின் புதுப்பெயர் தேடாமல், 'கீழ்' என்பதை முன்னிட்டு அதே பெயர்களை மீண்டும் ஆண்டனர்: கீழரை 1/640, கீழ்க்கால் 1/1280, கீழ்முந்திரி 1/1,02,400. இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நிலவளவு வேலியில் தொடங்கி இவ்வாறு கீழ்கீழாக இறங்குவதைக் காணலாம். ஒரே குறி இடம் மாறி மதிப்புக் குறையும் பதின்மத்தை விளக்க இதனினும் நல்ல முன்னுரை வேறில்லை.

ஆயின் ஒன்று. மூன்றில் ஒன்றுக்கு இவ்வரிசையில் இடம் இல்லை. பதின்மத்திலும் 0.333 என்று முடிவின்றி ஓடும். அதற்குக் கலம் வேண்டும்: ஒரு கலம் பன்னிரண்டு குறுணி, மூன்று தூணி, தூணி ஒன்று கலத்தில் மூன்றில் ஒன்று. எந்த அளவு எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்று பிள்ளைக்கு இரண்டையும் காட்டவேண்டும். மேடைகளில் முந்திரி, இம்மி என்று அடுக்கிக் கைத்தட்டல் பெறுவது எளிது. அப்பட்டியலை ஒப்பித்தபின்னும் 1/2 + 1/4-ஐ 2/6 என்று எழுதும் பிள்ளைக்கு அந்தக் கைத்தட்டலால் ஒன்றும் ஆகாது. இவ்வளவுகளின் பழைய குறிகள் 2019-இல் ஒருங்குறியில் இடம் பெற்றுவிட்டன, மகிழ்ச்சியே. அவை கணிப்பொறியில் ஏறினால் போதாது, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நாவில் ஏறவேண்டும்.

நான் வகுப்பிற் கையாண்ட இருபது கணக்குகளைத் தாளில் எழுதிப் படியெடுத்து வாயிலருகே வைத்திருக்கின்றேன். முதல் பத்தும் வாயால் விடை சொல்லத்தக்கன. பின் பத்தும் அவற்றையே எண்ணால் எழுதிச் செய்யத்தக்கன. ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒரு தாள் எடுத்துச் சென்று தத்தம் வகுப்பில் இரண்டையும் செய்வித்து, வாயால் சரியாகச் சொன்னவர் எத்துணைபேர், எழுத்தில் சரியாகச் செய்தவர் எத்துணைபேர் என்று குறித்து, அடுத்த திங்கட் கூட்டத்திற்குக் கொண்டுவர வேண்டுகின்றேன்.