எழுத்து அழியவில்லை



விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. நம்மவர்கள் பலர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். மாறியபின் ஒரு நேயர் கேட்டார்: "அப்பா நோட்பேட்டில் எழுதிவைத்த குடும்ப வரலாறு, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. அவரும் இப்போது இல்லை. எல்லாம் அழிந்துவிட்டதா?"

அழியவில்லை. அவர் பாமினியில் தட்டச்சு செய்திருக்கிறார். பாமினியில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே கோப்பில் பதிவாகின்றன. தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. எந்த எழுத்துரு என்ற குறிப்பு நோட்பேட் கோப்பில் இருக்காது. பேரேட்டில் தொகைகள் அப்படியே இருக்க, கணக்கின் தலைப்பு மட்டும் கிழிந்துபோன மாதிரி.

முதலில், அந்தக் கோப்பில் எதையும் மாற்றிச் சேமிக்காதீர்கள். ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுவுங்கள். பிறகு பிரதியைத் திறந்து, நோட்பேட்டின் வலது மேல்மூலையிலுள்ள பற்சக்கர அடையாளத்தை அழுத்தி, எழுத்துருப் பட்டியலில் பாமினியைத் தெரிவு செய்யுங்கள். தமிழ் தெரியும்.

அத்துடன் நிறுத்தவேண்டாம். எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் யூனிகோடுக்கு மாற்றி, புதிய பெயரில் யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. ஆட்பெயர், ஊர்ப்பெயர்களை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் எந்தக் கணினி வந்தாலும் பேரப்பிள்ளைகள் பாமினியைத் தேடாமலே வாசிப்பார்கள்.