மெய்யாலுமா?

(திருத்தணியில் இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, 'வாய்மை' பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேங்க் கிளார்க். நாள் முழுக்கக் காகிதம் புரட்டுகிறவன். அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் கோபுர முத்திரை, கூடவே 'வாய்மையே வெல்லும்'. ஆனால் அந்தச் சொல்லை மேடையில் தவிர யார் வாயிலும் நான் கேட்டதில்லை. உங்கள் பாட்டி 'வாய்மையாகச் சொல்லுடா' என்று கேட்டதுண்டா?

உள்ளத்தில் இருந்தால் உண்மை, வாயில் வந்தால் வாய்மை, மெய்யால் நடந்தால் மெய்மை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மெய் என்றால் உடம்பு. மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினோம். நம்ம ஜனங்க என்ன கேட்கிறார்கள்? 'நெசமா?' தெலுங்கு பேசுகிற வீட்டிலும் ஏறக்குறைய அதே சொல்தான். 1960 வரைக்கும் ஆந்திராவில் இருந்த ஊர்தானே இது. இன்னொன்று 'மெய்யாலுமா?' சென்னைக் குப்பத்து ஜனங்க பேச்சு என்று சினிமாக்காரன் சிரிப்புக்கு எடுத்துக்கொண்ட சொல். பண்டிதர்கள் ஏட்டில் பூட்டி வைத்த 'மெய்'யைத் தினமும் புழங்கி உயிரோடு வைத்திருப்பவன், கொச்சை பேசுகிறான் என்று ஏசப்பட்டவன்தான்.

வள்ளுவர் வாய்மையைத் துறவறவியலில் வைக்கிறார். பிறருக்குத் தீங்கு வராமல் சொல்வதே வாய்மை என்கிறார். பெரிய பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் சொல்கிற வாய்க்கு இத்தனை இலக்கணம் எழுதினோமே, கேட்கிற காதுக்கு?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். தப்பிய ஜனங்க கோர்ட்டில் ஏறிச் சொன்னார்கள். கீழ்க்கோர்ட்டில் மிராசுதார்களுக்குத் தண்டனை ஆனது. ஹைகோர்ட் அத்தனை பேரையும் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று தீர்ப்பு சந்தேகப்பட்டது. எரிந்த மெய் கண்முன்னே கிடந்தது. பார்த்த வாயும் பேசியது. நம்பப்பட்டது கார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் கறவை மாட்டுக் கடனுக்கு ஒரு அம்மா வந்தார். ஃபாரம் நிரப்பினது தரகர். கட்டை விரலில் மை தடவிவிட்டேன். விரலைக் காகிதத்தில் வைக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மெய்யாலும் நான் சொன்னதுதான் எழுதிக்கீதா சார்? படிச்சிக் காட்டு" என்றார். படித்தேன். அவர் கேட்டது ஒரு மாடு, ஃபாரத்தில் இரண்டு. பின்னால் வரிசை நிற்கிறது என்று மேலே இருந்தவர் என்னைத்தான் கத்தினார். அது போகட்டும். அதற்கு முன்னால் எத்தனை விரல்களை நானே பிடித்து அமுக்கியிருக்கிறேன்! ஒன்றைக்கூடப் படித்துக் காட்டியதில்லை. கவிதை எழுதுகிறவன் வேறு.

மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, 2016 ஜனவரி 26 முதல் என்ன சொல்கிறது? வாய்மொழியாகக் கொடுத்த புகாரை ஸ்டேஷனில் எழுதிக்கொண்டால், கையெழுத்து வாங்குமுன் சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்டியாக வேண்டும். நகலும் உடனே தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே இந்தக் கடமையைச் செய்யாமல் விட்டால் 6 மாதத்திலிருந்து 1 வருஷம் வரை சிறை.

ஆகவே ஸ்டேஷனுக்கு யாராவது கூப்பிட்டால் கூடப் போங்கள். பேனாவை நீட்டுவார்கள், 'போடும்மா, நேரமாச்சு' என்பார்கள். அந்த அம்மா மாதிரி விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேளுங்கள்: "மெய்யாலுமா சார்? படிச்சிக் காட்டுங்க."