குகைக்குள் அடுக்கி வைத்தவை



இன்றைய நற்செய்தியில் (லூக்கா 12:13-21) செல்வர் ஒருவர் தம் களஞ்சியங்களை இடித்து, இன்னும் பெரியனவாகக் கட்ட நினைக்கிறார். அவருடைய பேராசையைப் பற்றி நாம் பலமுறை சிந்தித்திருக்கிறோம். இன்று அந்தக் களஞ்சியத்தைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

பிரான்சு நாட்டில், பாரிஸுக்கு வடக்கே, வாஸ் ஆற்றங்கரையில் சென்-லூ-தெஸ்ஸரான் என்றொரு சிற்றூர் உண்டு. ஊரையொட்டிய குன்றுக்குள் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அவ்வூர்க் கல் கட்டடக் கலைஞர்களிடையே பெயர்பெற்றது. ஊர் மேட்டில் நிற்கும் பழம்பெரும் துறவுமடக் கோவிலும் அந்த மண்ணின் கல்லால் எழுந்ததுதான். கல்லை எடுத்தபின் காலியாகக் கிடந்த குகைகளில் மக்கள் காளான் வளர்த்தார்கள். கோவிலுக்குக் கல், வீட்டுக்கு உணவு. நல்ல களஞ்சியம்!

1944இல் ஜெர்மன் படை அதே குகைகளில் வி-1 என்னும் பறக்கும் குண்டுகளை அடுக்கியது. ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானம் போன்றது அது. ஏறக்குறைய 850 கிலோ வெடிமருந்தைச் சுமந்து செல்லும். ஜூன் 13 முதல் இவை லண்டன்மேல் விழத் தொடங்கின. ஜூன் 18, ஞாயிறு காலை. படைவீரர் சிற்றாலயம் ஒன்றில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது ஒரு குண்டு விழுந்தது. 121 பேர் இறந்தார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் அந்தக் குகைகளைத் தேடி வந்தன. ஏறக்குறைய 5 டன் எடையுள்ள குண்டுகளும் போடப்பட்டன. குகைக் கூரைகள் சரிந்தன, வழிகள் அடைபட்டன. ஆனால் குன்றுக்குப் பக்கத்திலிருந்த ஊரும் அழிந்தது, கோவிலும் சேதமடைந்தது. ஜூலை 7 இரவில் மட்டும் ஏறத்தாழ 30 விமானங்கள் திரும்பவில்லை. ஒரு லங்காஸ்டர் விமானத்தில் வழக்கமாக 7 இளைஞர்கள் இருப்பார்கள்.

லண்டன் மக்களைக் காக்க அந்தக் குகைகளை அடைக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்க முடியாது. அதற்காக, ஊர் மக்கள் பட்ட பாட்டைச் சிறிதென்று சொல்லிவிடவும் முடியாது. குண்டுகளை எங்கே வைக்கலாம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. போர்க் கருவிகளைக் குவிப்பது ஏழைகளைப் பெரிதும் பாதிக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் எச்சரித்தபோது, இத்தகைய மக்களையே நாம் நினைக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கும் இது தூரமான செய்தி அல்ல. பாகப்பிரிவினையில் அண்ணன் சொன்ன ஒரு சொல், திருமணத்துக்கு அழைக்காத கோபம்... பத்து ஆண்டுகளாக உள்ளே அடுக்கியிருக்கிறோம். அதே வீட்டில்தான் நம் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். சித்தப்பா வீட்டுக்கு ஏன் போவதில்லை என்று கேட்கிறார்கள்; நாம் பதில் சொல்வதில்லை.

சென்-லூ கோவிலைப் பின்னர் பழுதுபார்த்தார்கள். இன்றும் அது ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த ஊரில் இறந்தவர்களுக்காகவும், லண்டன் சிற்றாலயத்தில் இறந்தவர்களுக்காகவும், வீடு திரும்பாத விமானிகளுக்காகவும், குகைகளில் மடிந்த எதிரிப் படையினருக்காகவும் இப்போது ஒரு நிமிடம் அமைதியாக மன்றாடுவோம்.