பெயர் இல்லாத வரிகள்

 

மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. போரில் வீழ்ந்த மறவர்க்கு நடுகல் உண்டு. மண்ணை உழுது, மக்களைப் பெற்று, மறைந்துபோன எளிய குடிகளுக்கு என்ன உண்டு? இவ்வினாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர்களில் நின்று கேட்டுப் பார்க்கலாம். தம் முன்னோரைத் தேடும் முயற்சி அங்கே பொதுமக்களிடையே பரவி வேரூன்றிய ஒன்று. தேடுவோர் முதலில் புரட்டுவது மக்கள்தொகைக் கணக்கேடு.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பெறும் அக்கணக்கு 1790இல் தொடங்கிற்று. 1840 வரை அதில் ஏறியது குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே. மனைவி, மக்கள், முதிய தாய் எல்லாரும் பாலும் வயதும் பற்றி வகுத்த கட்டங்களுக்குள் எண்களாயினர். ஒஹாயோவில் காடு திருத்திய உழவனின் மனைவி, எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவளாயினும், அவ்வேட்டில் ‘ஒன்று’ என்னும் எண்ணே. அடிமைப்படாத மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் 1850இல்தான் எழுதப்பெற்றது. பெயர் வந்தது, வாழ்க்கை வந்ததா? இல்லத்தரசியின் தொழிலை ‘இல்லம் பேணல்’ என்று குறிக்குமாறு 1870இல் கணக்கெடுப்பாளர்க்கு அறிவுறுத்தப்பட்டது. பால் கறந்ததும், நூல் நூற்றதும், சோப்புக் காய்ச்சியதும், அறுவடை நாளில் வயலில் நின்றதும் அவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிட்டன.

1900ஆம் ஆண்டு ஏடு தாய்மாரிடம் இரண்டு வினாக்களைத் தொடுத்தது: பெற்ற பிள்ளைகள் எத்தனை? உயிரோடிருப்போர் எத்தனை? (1890இலும் இவை கேட்கப்பட்டன, ஆனால் அவ்வாண்டு ஏடுகளிற் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீயில் சிதைந்தது, எஞ்சியதிற் பெரும்பாலானதைப் பின்னர் அரசே அழித்தது.) ஒன்பது, ஐந்து என்று இரண்டு எண்கள் அருகருகே நிற்கும் ஒரு வரியை எண்ணிப் பாருங்கள். நடுவே விடுபட்ட நான்கு குழந்தைகளுக்கு அங்கே பெயர் இல்லை. ஓர் ஒப்பாரியைக் கழித்தற்கணக்காக எழுதிவைத்தது போன்றது அது.

இதனினும் கொடியது அடிமைகளின் கணக்கு. 1850இலும் 1860இலும் அவர்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. மேலே உடைமையாளரின் பெயர். கீழே வரிக்கு ஒருவராக வயது, பால், நிறம். பருத்தி வயலில் முதுகு வளைந்தவரின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. விடுதலைக்குப்பின், 1870 ஏட்டில்தான் அவர்கள் அனைவரும் பெயரோடு தோன்றுகின்றனர். அதற்கு அப்பால் செல்ல முயலும் வழித்தோன்றல்கள் தடுக்கப்படும் இடத்தை ‘1870ஆம் ஆண்டுச் சுவர்’ என்றே ஆய்வாளர் வழங்குவர். சுவரைத் தாண்ட வேண்டுமாயின், உடைமையாளரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேட வேண்டும். அங்கே பெயர் கிடைக்கும். பல வேளைகளில் அப்பெயருக்கு எதிரே விலையும் கிடைக்கும்.

பாவலர்கள் சற்றே நிதானிக்க வேண்டிய இடம் இது. ஏடு மௌனமாக இருக்குமிடத்தில் கற்பனை விரைந்து நுழைகிறது. 1976இல் வெளிவந்த அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’, தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என வாசிக்கப்பெற்ற அந்நூல், ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றுவரை தம் குலவழியைக் கண்டதாகக் கூறிற்று. எண்ணற்றோரைத் தம் முன்னோரைத் தேடத் தூண்டிற்று. ஆயினும் அக்குலவழியின் முற்பகுதி கிடைத்த ஆவணங்களோடு பொருந்தவில்லை என்று ஆய்வாளர் பின்னர் காட்டினர். ஹேலி புனைந்தது பிழையன்று. புனைந்ததைச் சான்றாக நிறுத்தியதே பிழை. வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டியிருந்தால், அந்தச் சுவரை எழுப்பியவர் யார் என்னும் வினா இன்னும் உரத்து ஒலித்திருக்கும்.

எளியோர் தாமே எழுதியது ஒன்றுமில்லையா? உண்டு. குடும்ப விவிலியத்தின் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் இடையே பிறப்பு, மணம், இறப்பு எழுதுவதற்கென்று தாள்கள் வைப்பது வழக்கம். உழவர் வீடு பலவற்றில் குடும்ப வரலாறு முழுதும் அந்தச் சில பக்கங்களே. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்றோரின் கைம்பெண்டிர்க்கு ஓய்வூதிய உரிமையை 1836ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கியது. போர்க்காலத்திலோ அதற்கு முன்போ மணந்தவர்கள் எழுபதைக் கடந்த மூதாட்டிகளாகியிருந்தனர். மணந்ததற்குச் சான்று கேட்டது அரசு. மணம் செய்வித்த குருவும் இல்லை, சாட்சிகளும் இல்லை என்ற நிலையில், அவர்களிற் பலர் விவிலியத்திலிருந்து அந்தத் தாள்களைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினர். கிழிந்த ஓரங்களோடு அத்தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் இன்றும் இருக்கின்றன.