சிந்தாமணியும் ஓர் ஆசிரியரின் ஐயங்களும்

 

ஆராய்ந்து எண்ணும் திறன் ஒருவரிடம் எவ்வாறு வளர்கிறது என்பதற்குத் தமிழ்ச் சமணர் நன்றியோடு நினைக்கும் ஒருவரது வாழ்வே சான்றாக நிற்கிறது. அவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் பதிப்பித்த நூல்களைப் புகழ்வோர் பலர். அதற்கு முன் அவர் உள்ளத்தில் நேர்ந்த மாற்றத்தைக் கருதுவோர் சிலரே.

1880ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்போது வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எனப் பல நூல்களைப் பாடம் கேட்டவர். அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்றவற்றை வரிசையாகக் கூறினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். ஒன்றையும் படித்ததில்லை.

பட்டமும் பதவியும் பெற்ற பின் அறியாமையை ஒப்புக்கொள்வது எளிதன்று. அந்நூல்கள் பயனற்றவை என்று சொல்லித் தப்பவும் அவருக்கு வழியிருந்தது. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கினான் என்றும், அம்மயக்கத்தை நீக்கவே பெரியபுராணம் தோன்றிற்று என்றும் உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம் கூறுகிறது. சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர் அக்கதையின் பின்னே ஒதுங்கிக்கொண்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவர் ஒதுங்கவில்லை. முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

படிக்கத் தொடங்கியதும் தடுமாற்றம். விநாயகர் காப்போடு தொடங்கும் நூல்களில் பழகிய கண்ணுக்கு, சித்த பரமேட்டி வணக்கத்தோடு தொடங்கும் காப்பியம் புதிது. சொற்களுக்குப் பொருள் தெரிந்தது, கருத்து விளங்கவில்லை. அகராதி தீர்க்கக்கூடிய ஐயமன்று அது. அச்சமயத்தில் வாழ்பவரிடமே கேட்க வேண்டும் என்று துணிந்து, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். அவர் சென்ற நாளில் அங்கே சிந்தாமணிப் படனம் நிறைவெய்திய விழா நடந்துகொண்டிருந்தது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் பெயரளவில் மட்டுமே அறிந்த நூலை, அக்குடும்பங்கள் ஓதியும் கேட்டும் காத்து வந்திருந்தன! சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் அவருடைய வினாக்களுக்கு விடை கூறினார்கள். கல்லூரியில் கற்பிப்பவர், அவ்வில்லங்களில் மாணவராக அமர்ந்தார்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் ஐயமின்மை முதலில் எண்ணப்படுவதால், ஐயம் எழுப்புவதே பிழை என்று சிலர் கருதுவதுண்டு. அவ்வரிசையில் மயக்கமின்மையும் இருக்கிறது. கேளாமல் அடக்கிய ஐயம் மயக்கமாகவே உள்ளே தங்கிவிடும்.

அவருடைய ஐயங்கள் வரவர நுண்மையடைந்தன. முதலில், இச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டவர், பின்னர், இது திருத்தக்கதேவர் எழுதிய சொல்தானா என்று கேட்கலானார். ஏடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஓர் ஏட்டை மட்டும் நம்புவதை விடுத்து, கிடைத்த பிரதிகளையெல்லாம் ஒப்புநோக்கினார். உரையாசிரியர் நச்சினார்க்கினியரோ மேற்கோள்களை அள்ளித் தருபவர். பல இடங்களில் நூற்பெயரைச் சொல்லாதவர். அவர் மீது மதிப்பிருந்தும், மேற்கோளின் இடத்தைக் காணாமல் சாமிநாதையருக்கு மனம் அமையவில்லை. அத்தேடலில், திருவாவடுதுறை மடத்து ஏடுகளிடையே எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அவர் கண்ணுக்குப் பட்டன. நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், அச்சமய நூல்களைக் கற்று மீண்டும் எழுதினார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அது உண்மையாயின், உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் ஒரே வாயிலில் நின்றவர்கள்.

சைவர் ஒருவர் சமண நூலை அச்சிடலாமா என்ற முணுமுணுப்புகளும் எழாமல் இல்லை. 1887இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களும் உரையுமாகச் சிந்தாமணி வெளிவந்தது. எங்கும் பாராட்டு. அத்துடன் அவர் அதை மூடி வைத்துவிடவில்லை. 1907இல் இரண்டாம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டார். தம் அச்சு நூலையே ஏட்டைப் போல ஐயத்தோடு படித்தார்.

இடையில் மணிமேகலையை எடுத்தபோது, பௌத்தக் கருத்துகள் மீண்டும் அவரை மருட்டின. இம்முறை எங்கே செல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பௌத்த நூல்களை அறிந்திருந்த அரங்காசாரியாரை நாடி, ஒவ்வோர் ஐயமாகக் கேட்டுத் தெளிந்து, 1898இல் அதனையும் வெளியிட்டார்.