விதைக் கருவியும் வறட்சிக்காலச் சர்க்கார் சகாயமும்

(சின்னமனூர் வட்டாரத்து ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூரை வெளியூரார் நெல்லுக்கும் வாழைக்கும் பேர்பெற்ற ஊரென்றே அறிவர். 1895-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வரும் தண்ணீர், இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கு ஆதாரமாயிருக்கிறது. ஆனால், வாய்க்கால்களுக்கு மேலே மேட்டில் கிடக்கும் புஞ்சைகளுக்கு அத்தண்ணீர் ஏறுவதில்லை. ஓடைப்பட்டி முதலிய மேட்டுக் கிராமங்களில் குடியானவருக்குக் கிணறும் வானமுமே துணை. சோளமும், மக்காச்சோளமும், பயறும் விளைய வேண்டிய அந்நிலங்களைப் பற்றியதே இச்சொற்பொழிவு.

வறட்சி என்றால் மழையே பெய்யாதிருப்பது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வறட்சியான வருஷத்திலும் ஒன்றிரண்டு நல்ல மழைகள் பெய்வதுண்டு. அம்மழையின் ஈரம் மேல்மண்ணில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. அந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் விதைத்தவன் பயிரைக் காண்கிறான். கொழு தேய்ந்திருக்கிறதென்றும், சங்கிலி அறுந்திருக்கிறதென்றும், கொல்லனைத் தேடியும், கடைக்கு ஆளனுப்பியும் அந்நாட்களைப் போக்கியவன் அடுத்த மழைக்குக் காத்திருக்கிறான். வறட்சி வருஷத்தில் அந்த அடுத்த மழை வராமலே போய்விடலாம். ஆகையால், விதைக் கருவியைச் செப்பமாக வைத்திருப்பது ஒரு கிராமத்தின் அவ்வருஷத்து ஜீவனத்தைக் காப்பதற்குச் சமானமாகும்.

கையால் வீசி விதைப்பதற்கும் கருவியால் சாலில் விதைப்பதற்கும் உள்ள வித்தியாசம் வறட்சியில்தான் நன்கு விளங்கும். வீசிய விதை மேலாகக் கிடந்து சிறு தூறலுக்கே முளைத்துவிடுகிறது. பிறகு ஈரமின்றிக் கருகுகிறது. கருவி விதையை ஒரே ஆழத்தில், ஈரமண்ணின்மேல் வைத்து மூடுகிறது. பெல்லாரி, கர்நூல் பிரதேசங்களின் குடியானவர்கள் மூங்கில் குழல்கள் பொருத்திய ‘கொர்ரு’ என்னும் மரக் கருவியை வெகுகாலமாக வைத்திருந்ததற்குக் காரணம் இதுவே. 1901-இல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் மானாவாரி நிலங்களுக்குச் சிபாரிசு செய்யும் பருவமழைக்கு முந்திய விதைப்பும் இதே தத்துவத்தின் மேல் நிற்கிறது. விதை சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், முளைக்கப் போதுமான மழை பெய்த பிறகே அது முளைக்கும். ஆழம் சரியாக அமைய வேண்டுமானால் கருவி சரியாக இருக்க வேண்டும்.

கருவியைப் பரிபாலிக்கும் முறை கடினமானதன்று. விதைப்பு முடிந்த அன்றைக்கே விதைப் பெட்டியையும் உரப் பெட்டியையும் முற்றிலும் காலி செய்தல் வேண்டும். உரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும் தன்மையுள்ளது. பெட்டியில் தங்கிவிட்ட உரம் கருவிக்கு மிகுந்த கேடு செய்யும். பெட்டியைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் பூசுக. குழாய்களுக்குள் குளவி கூடு கட்டாதபடியும், எலி கடிக்காதபடியும் அவற்றைக் கழற்றித் தனியே மாட்டி வைக்கலாம். கருவியை மண்தரையில் கிடத்தாமல், கூரையின் கீழ் மரக்கட்டைகளின்மேல் நிறுத்துக. சங்கிலி, பல்சக்கரம், அச்சு ஆகியவற்றுக்கு மசகு இட்டு, தேய்ந்த கொழுவை அடுத்த பட்டம் வருமுன்னரே மாற்றுக. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பர். கருவியைச் சித்திரையிலேயே தேடிப் பார்ப்பவனுக்கே ஆடியும் புரட்டாசியும் கைகொடுக்கும்.

கருவி அளவாக விதையிடுகிறதா என்பதை நிலத்தில் இறக்குமுன்பே சோதிக்கலாம். உதாரணமாக, 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு சால் விடும் கருவியின் அகலம் 1.8 மீட்டர். அதன் தரைச்சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டராயின், சக்கரத்தைத் தரையினின்று தூக்கி நிறுத்தி 75 முறை சுற்றினால் அது 5 சென்ட் நிலத்தில் விதைத்ததற்கு ஈடாகும். ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு பை கட்டி, விழுந்த விதையை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 6 கிலோ சோளம் விதைக்க வேண்டுமானால், நான்கு பைகளிலும் சேர்ந்து 300 கிராம் இருத்தல் வேண்டும். ஒரு பையில் மட்டும் குறைந்தால் அக்குழாய் அடைபட்டிருக்கிறதென்று அறியலாம். அரைமணி நேரத்துச் சோதனை இது. செய்யாவிட்டால் வயலில் நாலில் ஒரு சால் வெறுமையாய்க் கிடப்பதைப் பத்து நாட்களுக்குப் பிறகே காண நேரும்.

சிறு குடியானவர் ஒவ்வொருவரும் தனித்தனியே கருவி வாங்குவது சாத்தியமன்று. ஆகவே சங்கம் பொதுவில் ஒரு கருவி வைத்து வாடகைக்கு விடுவது உத்தமம். இதற்குச் சர்க்கார் மானியமும் உண்டு. 2014-15 முதல் நடைபெற்ற வேளாண்மை இயந்திரமயத் திட்டத்தில், சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்குப் பாதி விலை வரையிலும், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் வரையிலும் மானியம் வகுக்கப்பட்டது. ஆயினும், பொதுக் கருவிக்கு ஒரு பெரிய அபாயம் உண்டு: எல்லோருக்கும் சொந்தமானதை ஒருவரும் துடைத்து வைப்பதில்லை. வாடகையில் ஒரு பங்கை மராமத்து நிதியாக ஒதுக்கி, பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, கருவி வெளியே போகும்போதும் திரும்பும்போதும் அதன் நிலைமையைப் புத்தகத்தில் பதிவு செய்வதே இதற்குப் பரிகாரம். மழை பெய்த நாட்களில் கருவி யாருக்கு முதலில் என்னும் வழக்கு எழாதிருக்க, முறை வரிசையை மழைக்கு முன்னமே மகாசபையில் தீர்மானித்துவிட வேண்டும். செல்வாக்குள்ளவர் நிலத்தில் ஈரமிருக்கும்போது கருவி ஓடி, இரண்டு ஏக்கர்க்காரர் நிலம் காய்ந்த பிறகு அங்கே வந்து நின்றால், அச்சங்கம் பெயரளவில்தான் ஐக்கிய சங்கமாகும்.

இவ்வளவு செய்தும் வானம் பொய்க்கும் வருஷங்கள் உண்டு. 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை அத்தகையது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரி 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மழை 168 மில்லிமீட்டரே பெய்தது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி, தேனி உட்பட எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையென அறிவிக்கப்பட்டன. நிலத்தீர்வை தள்ளுபடி செய்யப்பட்டது. சங்கங்களில் வாங்கிய குறுகியகாலக் கடன்கள் மத்தியகாலக் கடன்களாக மாற்றப்பட்டன. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 100 நாள் வேலை 150 நாளாக உயர்ந்தது. 33 சதவிகிதத்துக்கு மேல் சேதமடைந்த பயிருக்கு, மானாவாரி நிலமாயின் ஏக்கருக்கு 3,000 ரூபாய் வரையும், நெல் மற்றும் பாசனப் பயிராயின் 5,465 ரூபாயும், நீண்டகாலப் பயிராயின் 7,287 ரூபாயும் நிவாரணமாக விதிக்கப்பட்டது.

அங்கத்தினர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்நிவாரணம் பயிர்ச் சேதத்தை அளந்து தரப்படுவது. சேதத்தை அளக்க, இன்ன சர்வே நம்பரில் இன்னார் இன்ன பயிர் செய்தார் என்று கிராம அடங்கலில் இருத்தல் வேண்டும். அடங்கலில் தரிசு என்று கண்ட நிலத்திற்கு, குடியானவர் எத்தனை கண்ணீர் வடித்தாலும், பயிர்ச் சேதம் என்று எழுத வழியில்லை. ஆகவே விதைத்த உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்விப்பது, விதையை மண்ணால் மூடுவது போலவே விதைப்பின் ஒரு பகுதியாகும். குத்தகைக்கு உழுபவருக்கு இது இன்னும் முக்கியம். பட்டா நிலச்சொந்தக்காரர் பெயரில் இருப்பதால், சாகுபடி செய்தவர் தாமே என்பதற்கு அடங்கலைத் தவிர அவருக்கு வேறு வலுவான சாட்சியம் கிடைப்பது அரிது.

பயிர் இன்ஷூரன்ஸும் அவ்வாறே. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரிப் பருவத்து உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் விவசாயி செலுத்தும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 சதவிகிதம். ரபிப் பருவத்துக்கு 1.5 சதவிகிதம், பணப்பயிருக்கும் தோட்டப்பயிருக்கும் 5 சதவிகிதம். 2020 காரிப் பருவம் முதல் கடன் வாங்கியோருக்கும் இது கட்டாயமன்று. ஆகையால் சங்கத்தில் கடன் பெற்றதாலேயே பயிர் காப்பீடாகிவிட்டதென்று எவரும் இருந்துவிடலாகாது. கெடு தேதிக்குப் பின் கட்ட வரும் பணம் பிரயோஜனப்படாது.

சர்க்காரிடம் சகாயம் கேட்பது பிச்சையன்று. 1884-ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் சட்டமே விதைக்கும் மாட்டுக்கும் கடன் கொடுக்க ஏற்பட்டது. 1904-ஆம் வருஷத்து ஐக்கிய நாணய சங்கச் சட்டம் குடியானவரின் கடன் பாரத்தை நினைந்து பிறந்தது. ஆனால், கேட்பவர் கையில் கணக்கு இருக்க வேண்டும். ஒருவர் தனியே உத்தமபாளையம் தாலுகா ஆபீஸுக்கு நடப்பதைவிட, சங்கம் சர்வே நம்பர், பரப்பு, பயிர், விதைத்த தேதி ஆகியவற்றை ஒரே ஜாப்தாவாக்கி மனுவோடு கொடுப்பது பலமுள்ளது. கருவியின் வாடகைப் புத்தகம் இங்கே இரண்டாவது முறையாக உதவும். எந்தத் தேதியில் எந்த நிலத்தில் விதைப்பு நடந்தது என்பது அதிலேயே இருக்கிறது. மாதந்தோறும் ஜில்லாக் கலெக்டர் முன்னிலையில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் நாளில் அந்த ஜாப்தா பேசுவது போல் உரத்த குரலும் பேசாது.

ஆகவே, இவ்வட்டாரத்துச் சங்கங்கள் ஒவ்வொன்றும் அடுத்த பட்டத்துக்கு முன் இரண்டு பரிசோதனைகளை நடத்துமாக: ஒன்று, கொட்டகையில் நிற்கும் கருவியை இறக்கிச் சக்கரம் சுற்றிப் பார்ப்பது, மற்றொன்று, அங்கத்தினர் நிலங்களின் பதிவுகளை எடுத்துச் சரிபார்ப்பது. மழை வந்தால் முதலாவது காக்கும். வராவிட்டால் இரண்டாவது காக்கும். இரண்டையும் மழைக்கு முன்பே செய்ய முடியும். மழைக்குப் பின் இரண்டையும் செய்ய நேரமிராது.